பன்னிரண்டு வாரமா, இரண்டு வருஷமா

— இந்த கோர்ஸ் விளம்பரத்துல பன்னெண்டே வாரம்னு போட்டிருக்கான், வென்லா. முடிச்சு வெளிய வந்தா ஃபுல் ஸ்டாக் டெவலப்பராம். எனக்கு மில்லுல எந்த வால்வு எங்க இருக்குன்னு தெரியவே அதுக்கு மேல ஆச்சு.

— தூண்டிலப் பாருப்பா. நூல் ஆடுது.

— காத்துல ஆடுது. ஏரியே உறைஞ்சு கிடக்கு, பனிக்கட்டிக்கு அடியில மீனெல்லாம் தூங்குது. நீ பேச்ச மாத்தாத. புதன்கிழமை வேலைவாய்ப்பு ஆபீஸ்ல அந்தம்மா கேப்பாங்க, "ஹன்னு, மில்ல மூடிட்டாங்க, இனி என்ன படிக்கப் போறீங்க"ன்னு. முப்பத்தோரு வருஷம் காகித மெஷினோட மல்லுக்கட்டினவன் என்ன சொல்லட்டும்?

— முதல்ல ஃபுல் ஸ்டாக்னா என்னன்னு தெரியுமா உனக்கு?

— சரிதான், மக பரீட்சை வைக்கிறா. இணையதளத்துல ஆளுங்க கண்ணுக்குத் தெரியிற பக்கம் ஒண்ணு, பின்னால வேலை ஓடுற பக்கம் ஒண்ணு. ரெண்டையும் கட்டத் தெரிஞ்சவன். எங்க மெஷின்லயும் கூழ் விடுற முனை ஒண்ணு, காகிதம் காஞ்சு வர்ற முனை ஒண்ணு. ரெண்டும் தெரிஞ்சவனத்தான் ஷிப்டுக்குத் தலைவனாப் போடுவாங்க. அதே கதைதானே?

— அட. இவ்வளவு தெளிவா எனக்கே யாரும் சொல்லலப்பா.

— உனக்கு எதுக்குச் சொல்லணும்? ஹெல்சிங்கில நீ பாக்குறதே அந்த வேலைதானே.

— ம்... அந்த ஃபிளாஸ்க்க இப்படித் தள்ளு.

— வீட்லயே உக்காந்து, காசில்லாம நெட்ல படிக்கலாம்னு பக்கத்து வீட்டு செப்போ சொல்றான்.

— அவரு எத்தனை பாடம் முடிச்சாரு?

— பாதி. அப்புறம் ஹாக்கி சீசன் வந்துடுச்சு.

— பாத்தியா. தனியாப் படிச்சா மாட்டிக்கிட்ட இடத்துல கேக்க ஆள் இருக்காது. பேசாம ஔலு டவுன்ல இருக்கிற கல்லூரில சேரு. ரெண்டு வருஷம். முதல்ல முன்பக்கம் மட்டும் சொல்லித் தருவாங்க. கை பழகினப்புறம்தான் பின்பக்கம், டேட்டாபேஸ் எல்லாம். கடைசியில ஒரு கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவாங்க.

— முடிக்கிறப்ப எனக்கு அறுபது.

— அப்பவும் செப்போவ விட நாலு வயசு கம்மி.

— சரிதான். ஆனா அந்தப் பன்னெண்டு வாரத்துக்காரன் மேல உனக்கு என்ன இவ்வளவு கோவம்? நீயும் அதுலதானே படிச்ச?

— அதனாலதான் சொல்றேன். திங்கக்கிழமை ஒரு மொழி, வியாழக்கிழமை இன்னொண்ணு. ஒண்ணு புரியறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். பக்கத்து சீட்டுக்காரன் கீபோர்டுல பியானோ வாசிப்பான், நான் திரையையே வெறிச்சுக்கிட்டு இருப்பேன். சந்தேகம் கேட்டா, "அது ரெண்டாம் நாளே முடிஞ்சிடுச்சே"ம்பாங்க.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. அஞ்சாவது வாரம் பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

— நூல இழு. மெதுவா.

— மீன விடுப்பா. ரெண்டு வருஷமா உன்கிட்ட பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். நான் டெவலப்பர் இல்ல. துறைமுகத்துக்கிட்ட ஒரு காபி கடையில தட்டு கழுவுறேன். நீ மில்லு முழுக்கப் பெருமையாச் சொல்லி வெச்சுட்ட. அப்புறம் எப்படி வாயத் திறக்கிறதுன்னு தெரியல.

— அங்க ஏலக்காய் பன் நல்லாத்தான் இருக்கு.

— என்னது?

— நவம்பர்ல யூனியன் கூட்டத்துக்கு ஹெல்சிங்கி வந்தேன்ல, காபி குடிக்கலாம்னு அந்தக் கடைக்குள்ள நுழைஞ்சு பன் ஒண்ணு வாங்கினேன். நீ தட்டு அடுக்கிக்கிட்டு இருந்த, தலை நிமிரல.

— ஏன்ப்பா கூப்பிடல?

— கூப்பிட்டிருந்தா உன் மூஞ்சி என்ன ஆகியிருக்கும்?

— அப்ப இந்த நாலு மாசமா தெரிஞ்சுக்கிட்டேதான்...

— ஊருக்குத் திரும்பினதும் ஔலு கல்லூரிக்குப் போன் போட்டு, நாம ரெண்டு பேரும் சேர்றதுக்கு என்ன வேணும்னு கேட்டு வெச்சேன். இல்லன்னா இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு?