கேம் பெட்டி வாங்கலாமா என்று கேட்டாயே

வா அனுப்ரியா, அங்கே தள்ளி உட்காராதே. ஃபேனுக்கு நேராக, இப்படி என் கிட்ட வா. காபியில் சர்க்கரை போதுமா பார்த்துக்கொள். நீரஜா கேம் பெட்டி கேட்டு ஒரு மாதமாக அழுகிறாள், அரை லட்சம் கொடுத்து வாங்கினால் அதற்குத் தகுந்த பலன் இருக்குமா பெரிம்மா என்று லிஃப்டில் கேட்டாய். லிஃப்டில் நின்றுகொண்டு சொல்கிற பதில் இல்லை அது. எனக்கு எதையும் கதையாகத்தான் சொல்ல வரும். ஒன்று சொல்கிறேன், முழுசாகக் கேள். அப்புறம் நீயே முடிவு செய்துகொள்.

நான் யாரிடமும் கதை கற்றவள் இல்லை. படிப்பு ஐந்தாவதோடு சரி. என் வீட்டுக்காரருக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. வருகிற பெண்கள் குடத்தைத் தட்டிப் பார்த்து, விலை பேசி முடிப்பதற்குள் அவர்களுடைய குழந்தைகள் சிணுங்க ஆரம்பிக்கும். அந்தக் குழந்தைகளைத் தூக்கிப் பெரிய அண்டாவுக்குள் உட்கார வைத்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். அழுகை நின்றுவிடும். வியாபாரமும் நடக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் போன பிறகு கடையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு இந்த மந்தைவெளி ஃபிளாட்டுக்கு வந்தேன். சாயங்காலமானால் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பாய் விரிப்பேன். கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து மடியிலும் முதுகிலுமாகச் சாய்ந்துகொள்வார்கள். அந்தச் சூடு இருக்கிறதே, அதுதான் எனக்கு நாள் முழுவதற்கும் சோறு.

என் கதைக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் சொல்லி முடித்ததும் ஒரு குழந்தை அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். யாருக்கோ நடந்ததாக இல்லை, தனக்கே நடந்ததாகச் சொல்ல வேண்டும். புலிக்குப் பயந்து மரம் ஏறினது நான்தான், கிணற்றில் குதித்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் கதை உடம்பில் ஊறும். நன்றாகச் சொன்ன குழந்தைக்குக் கடலை மிட்டாய்.

நீ இப்போது குடியிருக்கிறாயே, அந்த இரண்டாம் மாடி வீட்டுக்குச் சாய்சரண் என்று ஒரு பையன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கம்ப்யூட்டர் வேலை, அதையும் வீட்டிலிருந்தே பார்த்தான். சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, அதன் கீழே கறுப்பாக ஒரு கேம் பெட்டி. பிள்ளைகளுக்கு மோப்பம் பிடிக்கச் சொல்லியா தர வேண்டும். முதலில் சுரேஷ்குமாரின் பையன்கள் இரண்டு பேரும் போனார்கள். சுரேஷ்குமார்தான் அப்போதும் நம் அசோசியேஷன் செயலாளர். பிறகு மற்றவர்கள். மாடியிலிருந்து “அண்ணா, எனக்கு ஒரு சான்ஸ், அண்ணா போங்காட்டம்” என்று சத்தம் இறங்கி வரும். நான் பாயை உதறி, விரித்து, சுருட்டி, மேலே வருவேன்.

முதல் மாடியில் கிச்சா மாமா என்று ஒருவர் இருந்தார், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் சரணைக் கீழே மடக்கினார்.

“ஏம்ப்பா, அதுல போடற கேம் தட்டு ஒண்ணு ஐயாயிரமாமே? அந்தக் காசுக்கு எங்காத்துல ஒரு மாசத்துக் காய்கறி வந்துடும். அதாவது உடம்புல ஒட்டும். இது எங்கே ஒட்டறது?”

“நீங்க மாமியைக் கூட்டிட்டு சினிமாவுக்குப் போனா பாப்கார்னோட எவ்ளோ ஆகுது மாமா? ரெண்டரை மணி நேரம், அதுல பாதி நேரம் நீங்க தூங்குவீங்க. இது மூணு மாசம் ஓடும். தூங்கவும் விடாது.”

நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா விடவில்லை. “அப்போ எல்லாரும் ஆளுக்கொண்ணு வாங்கணுங்கறே?”

“ஐயோ, வாங்கிடாதீங்க. பாதிக்கு மேல குப்பை. அரைவேக்காடா வித்துட்டு, அப்புறம் சட்டைக்குத் தனிக் காசு, கத்திக்குத் தனிக் காசுன்னு புடுங்குவான். ஒண்ணு ரெண்டுதான் தேறும். அது என்கிட்ட இருக்கு. பசங்க எல்லாரும் இங்கயே ஆடட்டும், எனக்கும் போட்ட காசு வசூலாயிடும்.”

நியாயமாகத்தான் பேசினான். அதுதான் எனக்கு முதல் சந்தேகம். கடைக்காரன் தானாகக் குறை சொல்லிக் காட்டினால், காட்டாத இடத்தில் ஓட்டை இருக்கும் என்பார் என் வீட்டுக்காரர். தன் காசில் வாங்கிய பொருளை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒருவன் சும்மா கொடுக்கிறான் என்றால் அவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று கேட்கத்தானே தோன்றும்.

பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் எல்லாமே தெரியும். சாயங்காலம் ஜன்னல் திரையை இழுத்து மூடுவான். வாட்ச்மேனிடம் கேட்டேன். “அதுவா பெரிம்மா, வெயிலு டிவி மேல வுழுதுன்னு ஸ்கிரீனை இஸ்த்து வுட்டுக்கினு கீது அந்தத் தம்பி. வேற ஒண்ணியும் இல்ல” என்றான். காரணம் சரிதான். ஆனால் ஜெயஸ்ரீயிடம் பேசும்போது திரை மூடியிருப்பதை மட்டும் சொன்னேன். எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா. ஜெயஸ்ரீ யார் என்று உனக்குத் தெரியாது. எதிர் வீட்டில் இருந்தாள், அவள் கணவர் ஸ்ரீஹரி, ஒரே பெண் மஹதி, ஆறு வயது.

நீ என்னை அவசரக்காரி என்று நினைக்கக் கூடாது. பொருளைப் பார்க்காமல் மதிப்புச் சொல்வது பாத்திரக்கடைக்காரிக்கு அழகில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம், சுண்டல் கொடுக்கிற சாக்கில் சரண் வீட்டுக்குப் போனேன். “வாங்க பெரிம்மா, நீங்களே ஆடிப் பாருங்க” என்று பொத்தான் வைத்த அந்த விளையாட்டுப் பிடியை என் கையில் கொடுத்தான். தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடி ஒரு பெண் வெள்ளம் போகிற ஆற்றைக் கடக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. தண்ணீர் சத்தம் என் காலடியில் கேட்டது. நான் பொத்தானை மாற்றி அழுத்த, அந்தப் பெண் முழுகிப் போனாள். “பரவால்ல, மறுபடி வருவா” என்றான். மறுபடி வந்தாள், மறுபடி முழுகினாள். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் பாத்திரம் கரிந்து கிடந்தது. அந்த வாரமே இன்னும் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். சோதிப்பதற்காகத்தான். பெரிதாக ஒன்றும் இல்லை அதில்.

கடைசியாகப் போனபோது அவன் ஒன்று சொன்னான். “பெரிம்மா, உங்க கதை ஒண்ணை நான் கேமா பண்ணட்டுமா? பசங்க சொல்லிக் கேட்டேன், சூப்பரா இருக்கு. உங்க பேரைத்தான் போடுவேன்.”

அதாவது, பாயையும் காலி செய்துவிட்டு, பாயில் உட்கார்ந்து சொன்னதையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன்.

அப்போது என் பாயில் மிச்சமிருந்தது மஹதி மட்டும். பெரிய பிள்ளைகள் சின்னப் பெண்ணுக்கு விளையாடக் கொடுக்க மாட்டார்கள் என்று அவள் அந்த வீட்டுக்கே போகவில்லை. ஜெயஸ்ரீ வேலையிலிருந்து வரும் வரை என்னிடம்தான் இருப்பாள். அவளுக்கு இருந்த ஞாபகம் நான் வேறு எந்தக் குழந்தையிடமும் பார்த்ததில்லை. நான் கதை நடுவில் இருமினால் அந்த இருமலையும் சேர்த்துத் திரும்பச் சொல்லுவாள்.

அவளுக்கு ஒரு புதுக் கதை சொன்னேன். ஒரு சின்னப் பெண் படம் ஓடுகிற வீட்டுக்குப் போகிறாள். மற்ற பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த வீட்டு அண்ணா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்துகிறார். விளக்கு அணைகிறது. அப்புறம் கதவு திறக்கிறது. அம்மாகிட்ட சொல்லாதே என்கிறார். இவ்வளவுதான். இருட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்லவில்லை. கதையில் ஓர் இடத்தை நிரப்பாமல் விட வேண்டும். கேட்கிறவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள், நாம் நிரப்புவதைவிடப் பயங்கரமாக.

மஹதிக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. புலிக் கதை சொல்லு பெரிம்மா என்றாள். இதை ஒழுங்காகச் சொல் கண்ணு, அப்புறம் புலி என்றேன். தினமும் சொல்ல வைத்தேன். ‘ஒரு ஊரிலே’ என்று ஆரம்பிக்க வேண்டாம், அது பாப்பாக்கள் வழக்கம் என்றேன். எந்த வீடு என்று வைத்துக்கொள்வது என்று அவளே கேட்டாள். உனக்குத் தெரிந்த வீடு எதையாவது வைத்துக்கொள் என்றேன். மாடியில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மேலே பார்த்தாள். அந்த வீட்டை நான் சொல்லித் தரவில்லை, அதைக் கவனித்துக்கொள்.

சில நாள் போனதும் அந்தக் குழந்தை அழாமல் அதைச் சொல்ல முடியாதவளானாள். கதை ஊறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஜெயஸ்ரீ தலையைக்கூட முடியாமல் ஓடி வந்தாள். “பெரிம்மா, நாலு நாளா ரூம் கதவைச் சாத்தினா வீல்னு கத்தறா. ஏண்டின்னு கேட்டேன். மாடி வீட்டு அண்ணா விளக்கை அணைச்சார்னு என்னமோ சொல்றா பெரிம்மா. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “குழந்தை பொய் சொல்லுமா ஜெயஸ்ரீ?” என்றேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்ரீஹரியும் சுரேஷ்குமாரும் இன்னும் சில ஆண்களும் மாடிப்படி ஏறினார்கள். பின்னாலேயே நாங்களும் போனோம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சுரேஷ்குமாரின் பையன்களே விளையாடிக்கொண்டிருந்தார்கள். சரண் கையில் பிடியோடு எழுந்து வந்து, “வாங்க சார், என்ன எல்லாரும் ஒண்ணா, டோர்னமென்டா?” என்று சிரித்தான். முதல் அடி அந்தச் சிரிப்பின் மேல் விழுந்தது.

எதற்கு அடிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவே வெகு நேரம் ஆயிற்று. புரிந்ததும் என்னைத்தான் பார்த்தான். “பெரிம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க வந்து பாத்திருக்கீங்கல்ல, நான் எப்படின்னு.”

“நான் எதுக்குப்பா உன் வீட்டுக்கு வரப் போறேன்?” என்றேன்.

அது ஒன்றுதான் கொஞ்சம் உறுத்தும். சுண்டல் கிண்ணம்கூட அங்கே அலமாரியில் இருந்தது.

போலீசுக்கு யாரும் போகவில்லை. பெண் குழந்தை பெயர் வெளியே வந்துவிடும் என்று ஸ்ரீஹரி வேண்டாம் என்றுவிட்டார். போயிருந்தால் யாராவது நிதானமாகக் குழந்தையைக் கேட்டிருப்பார்கள். போகாததால் கேட்பார் இல்லை. யாரோ செல்போனில் எடுத்த வீடியோ மட்டும் எல்லா ஊருக்கும் போயிற்று. அவன் ஆபீசுக்குப் போயிற்று, அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டுக்கும் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, வீட்டைக் காலி செய்ய அவனுடைய அப்பா திண்டிவனத்திலிருந்து தனியாக வந்தார். என் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார். மோராகவே கொடுத்தேன். பையன் வரவில்லையா என்றேன். “இல்லம்மா. அவன் இப்ப இல்ல” என்றார். சொன்ன விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. குடித்து முடித்து டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “உங்களைப் பத்தி போன்ல நிறையச் சொல்லுவான். நீங்க சொல்லுங்கம்மா, எம்புள்ள அப்படிப்பட்டவனா?” என்றார்.

“யார் மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா?” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். போகும்போது அந்தக் கறுப்புப் பெட்டியையும், சின்னதாக ஒரு டிவியையும் என் வாசலில் வைத்தார். இதை எடுத்துப் போக மனசு வரலம்மா, இங்க இருக்கிற பிள்ளைகள் விளையாடட்டும் என்றார். தன்மையான மனிதர்.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. மஹதிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவள் அந்த வீட்டு வாசற்படியை மிதித்ததே இல்லை. ஆனால் இப்போது அதை அவளிடம் யார் சொன்னாலும் நம்ப மாட்டாள். அவர்கள் ஆதம்பாக்கத்துக்கு மாறிப் போய்விட்டார்கள். டாக்டரிடம் காட்டுகிறார்களாம். போன வாரம்கூட ஜெயஸ்ரீ போன் செய்தாள். கதவு திறந்திருந்தால்தான் இன்னும் தூங்குகிறாளாம். நீங்க இல்லாட்டா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது பெரிம்மா என்று அழுதாள். பாவம், நன்றி மறக்காத பெண்.

இதை நீ வெளியே சொன்னாலும் எனக்குக் கோபம் இல்லை. எழுபத்தெட்டு வயதுக் கிழவி சொன்ன கதை என்பார்கள். கதைதானே சொன்னேன். அதைக் கையால் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

பிள்ளைகள் மறுபடி பாய்க்கு வந்துவிட்டார்கள், நீயே தினமும் பார்க்கிறாய். பெட்டியை அவர்களிடம் கொடுக்கவில்லை, கெட்டுப் போவார்கள். என் படுக்கை அறையில்தான் இருக்கிறது. மத்தியானம் ஊர் அடங்கியிருக்கும்போது, வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். அந்தப் பெண் ஆற்றைக் கடந்துவிட்டாள், தெரியுமா. இப்போது மலையில் இருக்கிறாள். சில நாள் சாப்பிடக்கூட மறந்துபோகிறது.

ஆகையால் வாங்காதே அனுப்ரியா. போட்ட காசுக்கு அதில் ஒன்றும் இல்லை, ஆடிப் பார்த்தவள் சொல்கிறேன். நீரஜாவைச் சாயங்காலம் என்னிடம் அனுப்பு. கேட்டதை அப்படியே திரும்பச் சொல்கிற பெண், நீங்கள் குடிவந்த அன்றைக்கே கவனித்தேன். எழுந்துவிட்டாயே, காபி அப்படியே இருக்கிறதே. சரி, போய் வா. உன் வீட்டில் உலை கொதிக்கிற சத்தம் ஓயாதிருக்கட்டும். உன் வீட்டுக்காரருக்கு நோய் நொடி அண்டாதிருக்கட்டும். உன் பெண் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும், அவள் வாய் திறந்து எது சொன்னாலும் நாலு பேர் நம்பட்டும்.