ரேடியேட்டர் ஓட்டையில் ஒரு பெருவிரல்

வெம்பிளியில் பேருந்தின் மேல்தளத்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தவரின் சட்டைக் கை முழங்கைவரை கறுப்பாக நனைந்திருந்தது. அருகிலிருந்த முதியவரிடம் அவர் சொன்ன ஒரு வாக்கியம் என்னைத் திடுக்கிட வைத்தது.

“என்ர மனிசி வீட்டில இப்பவும் ஓட்டையில பெருவிரலை வைச்சுக்கொண்டு நிக்கிறா, அண்ணை.”

“எந்த ஓட்டையிலயடா?”

“அறையைச் சூடாக்கிற ரேடியேட்டரின்ர மேல்பக்கம் சூடாகேல்லை. காத்தை வெளிய விடுவமெண்டு அதின்ர பக்கத்தில இருக்கிற ஆணியைச் சின்னச் சாவியால திருகினன். இறுகிக் கிடந்திது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமெண்டு திருக, ஆணி கழண்டு பறந்திட்டுது. கறுப்புத் தண்ணி சுவாமிப் படம் வரைக்கும் அடிச்சிது.”

“அரைச் சுத்துக்கு மேல திருகுவினமோ? இப்ப எங்க போறாய்?”

“புது ஆணி வாங்க.”

“பாவி! அவவுக்குக் கை சுடாதோ?”

“ஹீட்டிங்கை நிப்பாட்டிட்டன். ஆனா விரலை எடுத்தா கீழ்வீட்டுச் சீலிங் போச்சு. அதுக்குக் கீழதான் அவையின்ர குழந்தை படுக்கிறது.”

“ரேடியேட்டருக்குக் கீழ, ரெண்டு பக்கமும் வால்வு இருக்கெல்லோ? ரெண்டையும் இறுக்கிப் பூட்டினா தண்ணி நிண்டிடும். அவவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லு.”

“அவவின்ர ஃபோன் குசினியில கிடக்கு.”

“அப்ப திரும்பி ஓடு!”

“வெறுங்கையோட போனா ஏசுவா, அண்ணை.”

“நீ வெறுங்கையோட போனாத்தானடா அவவின்ர கைக்கு விடுதலை!”

இந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். அவர் எழுந்து நிற்பதற்குள், கடைசி இருக்கையிலிருந்து யாரோ மணியை அழுத்திவிட்டார்.