நாற்பத்தோராவது டிரம்

“உங்களுக்குன்னு என்னதான் வேணும்? அதச் சொல்லுங்க மொதல்ல,” என்று கேட்டாள் நீலா.

“ஒண்ணும் வேணாம்.”

“உங்க தம்பிக்கு வாட்ச்சு, தங்கச்சிக்கு நைலக்ஸ் சேலை, எங்கப்பாவுக்கு டிரான்சிஸ்டர். எல்லாரும் லிஸ்ட் குடுத்தாச்சு. கடல் தாண்டிப் போறவரு நீங்க. உங்களுக்கு ஒண்ணுமே வேணாமா?”

“வேணாம் நீலா. மெதுவாப் பேசு.”

“பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் தலைய ஆட்டினீங்க. அன்னிக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணக் கொண்டாந்து நிறுத்தியிருந்தாலும் கட்டியிருப்பீங்க.”

சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் என் தம்பி சிரித்தான். அதற்கும் அப்பால் அப்பா இருமினார்.

அலாவுதீன் பாய், முதலிலிருந்து சொல் என்றீர்கள். எனக்கு முதல் என்பது இதுதான். 1974 ஜனவரி மாதம், நான் பம்பாய்க்கு ரயில் ஏறுவதற்கு முந்தின சாயங்காலம். நீங்கள் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு ஆபீசருக்கு அரபியில் சொல்லுங்கள். அவருக்கு இது வீண்பேச்சாகப் பட்டால் விட்டுவிடலாம்.

மதுரையில் எங்கள் வீட்டில் இரண்டு அறை, பதினோரு பேர். நல்ல மனிதர்கள். ஒருவருக்குத் தலைவலி என்றால் நான்கு பேர் தைலம் எடுத்துக்கொண்டு வருவார்கள். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றால், “உள்ள யாரு?” என்று ஒரு குரல் வரும். என் பெயர் சீதாராமன் என்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் முப்பத்துநான்கு வயது வரை நான் அதிகமாகப் பதில் சொன்ன கேள்வி அதுதான்.

சர்வே டிப்ளமா படித்திருந்ததால் அபுதாபியில் வேலை கிடைத்தது. கேம்பில் ஓர் அறைக்குப் பதினான்கு பேர். எனக்கு அது புதிதில்லை. கட்டிலில் கீழ்த் தட்டு வேண்டும் என்று ஒருவர் கேட்டார், கொடுத்தேன். ஜன்னலோரம் வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார், அதையும் கொடுத்தேன். என்னைத் தங்கமான மனிதன் என்பார்கள். நீங்கள் கேம்பில் விசாரித்தாலும் அதையே சொல்வார்கள்.

ஒன்பது மாதம் கழித்து எனக்குக் கேரவான் கிடைத்தது.

கேரவான் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எண்ணெய் தேட வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பெட்ஃபோர்டு லாரி. பின்னால் தகரத்தில் ஓர் அறை கட்டியிருப்பார்கள். ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு நாற்காலி ஒன்று. கதவில் ஒரு தாழ்ப்பாள், உள்பக்கம்.

எங்கள் கேம்ப் இருக்கும் கடலோரத் தரிஃபிலிருந்து தெற்கே, பாலைவனத்துக்குள் லிவா பக்கம் இருக்கும் உள்கேம்ப் வரை அப்போது ரோடு இல்லை. நேற்றைய தடத்தை மணல் இன்றைக்கு வைத்திருக்காது. அதனால் மைலுக்கு ஒன்றாகக் காலி எண்ணெய் டிரம்மை நிறுத்தி, வெள்ளையடித்து, கறுப்பில் நம்பர் எழுதி வைத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் டிரம்மைப் பார்த்துப் பார்த்துத்தான் போவார்கள். சாய்ந்ததை நிமிர்த்துவது, புதைந்ததைத் தோண்டுவது, அழிந்த நம்பரை மறுபடி எழுதுவது என் டூட்டி. எழுபத்திரண்டு டிரம். போய்வரப் பத்து நாள். ஒரே ஆள்.

முதல் நாள் வேலை முடிந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. வெயில் இறங்கியதும் கூரைத் தகரம் சூடு தணிந்து டிக், டிக் என்று சத்தம் போட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். சந்தோஷம் என்று மற்றவர்கள் சொல்வது இதுதானா என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஒன்றரை வருஷம் அப்படி இருந்தேன். ஊருக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதினேன். வாட்ச், சேலை, டிரான்சிஸ்டர் எல்லாம் போய்ச் சேர்ந்தது. லீவு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடும்பத்துக்காக உழைக்கிறான் என்றார்கள்.

போன ஏப்ரலில் வேறொரு தடத்தில் ஒரு பட்டாணிய டிரைவர் தனியாகப் போய், வண்டி பழுதாகி இறந்துபோனார். டிரான்ஸ்போர்ட் ஃபோர்மேன் கௌஸ் முகம்மது என்னைக் கூப்பிட்டார். ஆம்பூர்க்காரர், நல்லவர்.

“இனிமே யாரும் அகேலா, தனியாப் போகக் கூடாது பாய். வண்டிக்கு ரெண்டு ஆளு. கலாஸ், அவ்வளவுதான். உனக்கு ஏதாவது கஷ்டம்னா இப்பவே சொல்லிடு, நான் மேல பேசறேன்.”

“கஷ்டம் ஒண்ணும் இல்ல,” என்றேன்.

“அதான் நீ. ஒனக்கு ஒண்ணுமே கஷ்டம் இல்ல,” என்று என் முதுகில் தட்டினார்.

அப்படித்தான் பொன்னுச்சாமி வந்தான். பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். இருபத்தாறு வயது. மனைவி பெயர் கருப்பாயி. இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. வண்டி தரிஃபை விட்டுக் கிளம்பி மூன்றாவது டிரம் வருவதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் சொல்லாமலே என் சட்டையைத் துவைத்துப் போடுவான். குழம்பு நன்றாக வைப்பான். கட்டில் ஒன்றுதான் இருந்தது. முதுகு வலி என்று ஒருநாள் அவன் குனிந்து நடந்ததைப் பார்த்துவிட்டு, கட்டிலை நான்தான் கொடுத்தேன்.

“ஐயய்யோ, வேணாம் சார். ஆபீசரு கீழ படுக்கிறதா? எங்க ஊருல கேட்டா காறித் துப்பிருவாங்க.”

“பரவாயில்ல, படு.”

வற்புறுத்திப் படுக்க வைத்தேன். நாற்காலியையும் அப்படியே. பிறகு நான் கதவோரத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அவன் பேசிக்கொண்டிருப்பான்.

“சார், நீங்க பேசவே மாட்டேங்கிறீங்களே. இந்த மணலுகூடக் காத்தடிச்சா ஏதோ பேசுது. நீங்க அதுக்கும் மேல இருக்கீங்க.”

“என்ன பேசறது?”

“எதையாச்சும் பேசுங்க சார். ஊர்லருந்து உங்க வீட்டம்மா லெட்டர் வந்துச்சே, அவுக என்ன எழுதியிருக்காக? கருப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் தெனம் ஒரு லெட்டர வாசிச்சுக் காட்டி உங்கள அழ வச்சிருப்பேன்.”

ஒருநாள் அவன் வெளியே பாத்திரம் துலக்கும்போது நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இரண்டு நிமிஷம் இருக்கும். தட்டினான்.

“சார், உள்ளயா இருக்கீங்க?”

ஒரு கள்ளமும் இல்லாத கேள்வி. மேலுக்கு முடியவில்லையோ என்று கவலைப்பட்டுத்தான் கேட்டான். நான் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். அந்த நடை முழுவதும் அதற்கப்புறம் நான் கதவைச் சாத்தவில்லை.

ஏழாவது நடை, ஜூலை மாதம். நாற்பத்தோராவது டிரம் முக்கால் பங்கு புதைந்து கிடந்தது. காலை ஒன்பது மணி. பொன்னுச்சாமி மண்வெட்டி, சுண்ணாம்பு வாளி, கறுப்பு பெயிண்ட் டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கினான். இதைத் தோண்ட எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும், நான் அதற்குள் அடுத்த டிரம்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். இது வழக்கம்தான். இதற்கு முன்னாலும் இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்திருக்கிறோம். அப்போதெல்லாம் தண்ணீர் கேனை முதலில் இறக்கிவிடுவோம்.

வண்டி நகர்ந்ததும் அவன் பின்னாலேயே ஓடிவந்தான். கண்ணாடியில் தெரிந்தது. “சார், தண்ணிக் கேனு! கேன எறக்கல!” என்று சத்தம் கேட்டது. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டிவிட்டு நின்றுவிட்டான். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று புரிந்துகொண்டிருப்பான்.

எனக்கு ஒரு மணி நேரம்தான் வேண்டியிருந்தது. இதை நம்புவீர்களோ என்னவோ. நாற்பத்துநான்காவது டிரம்மைத் தாண்டி ஒரு மணல் மேட்டின் பின்னால் வண்டியை நிறுத்தினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். டீ போட்டேன். கேன் கைக்கு எட்டுகிற மாதிரி கிடந்ததால் அந்தத் தண்ணீரிலேயே போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து குடித்தேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கும் பார்த்தேன். அப்போது கதவுப் பிடி தொட முடியாமல் கொதித்தது. வெளியே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சர்வே ஆள் நான், தெர்மாமீட்டர் படிப்பது என் வேலை. மூன்று மணிக்கு, இனிமேல் போனால் அவன் என்ன கேட்பான் என்று யோசித்தேன். “ஏன் சார் லேட்டு?” என்று கேட்பான். பிறகு வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வருவான். பிறகு கூரைத் தகரம் டிக், டிக் என்று ஆரம்பித்தது. மூன்று மாதத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. கட்டிலில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை போனேன்.

வேலையை அவன் முடித்திருந்தான். டிரம் நேராக நின்றது. வெள்ளை அடித்து, நாற்பத்தொன்று என்று எனக்குப் பிடித்த மாதிரி கனமாக எழுதியிருந்தான். மண்வெட்டியை மணலில் நட்டு, தூரத்திலிருந்து தெரிவதற்காகத் துண்டைக் கட்டியிருந்தான். வண்டி இல்லாமல் நிற்க நேர்ந்தால் டிரம்மை விட்டு ஓர் அடி நகரக் கூடாது, தேடி வருகிறவர்கள் டிரம் டிரம்மாகத்தான் தேடுவார்கள் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் நகரவில்லை. நிழல் போகிற பக்கமெல்லாம் உட்கார்ந்தபடியே அவனும் நகர்ந்திருக்கிறான். டிரம்மின் மேற்கிலிருந்து கிழக்கு வரை மணலில் அரைவட்டமாக ஒரு தடம் இருந்தது. கிழக்குப் பக்கத்தில் அவன் இருந்தான்.

அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். தரிஃப் வரைக்கும் நாற்பத்தொரு மைல். யாரும் ஒன்றும் பேசவில்லை.

வண்டி மணலில் மாட்டிக்கொண்டது, வெளியே எடுக்க மறுநாள் ஆகிவிட்டது என்று கேம்பில் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கருப்பாயிக்குக் கடிதம் எழுத ஆள் இல்லாமல் நான்தான் எழுதினேன். உன் கணவன் கடைசிவரை கடமையில் இருந்தான் என்று எழுதினேன். அதில் பொய் இல்லை.

மறுபடியும் தனியாக அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். நான் கேட்கவில்லை, எதிர்பார்த்தேன். கௌஸ் முகம்மது கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு ஆளும் பத்தாது போல பாய். இனிமே மூணு பேர் போங்க,” என்றார். பழனிச்சாமி, ராமையா என்று இரண்டு பேர் வந்தார்கள். நான் துக்கத்தில் இருக்கிறேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, என்னை ஒரு நிமிஷம்கூட விடவில்லை.

போன வாரம் ஐம்பத்திரண்டாவது டிரம்மில் இரண்டு பேரும் இறங்கினார்கள். கேன் வண்டியில் இருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஆனால் இரண்டு பேர் என்றால் ஒருவர் டிரம்மிடம் இருப்பார், ஒருவர் ஆள் தேடி நடப்பார், தப்பித்தும் விடலாம். நிச்சயமில்லை. கேனை இறக்கிக் கொடுத்தேன். நடை முடிந்ததும் நேரே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து ஆபீசரிடம் சொல்லிவிட்டேன்.

மனசாட்சி உறுத்தியதா என்று நேற்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொன்னால் உங்களுக்கு எழுதச் சுலபமாக இருக்கும். கொலைக் கேஸ் ஆட்களைத் தனியாக வைப்பார்கள் என்று கேம்பில் ஒரு தடவை யாரோ பேசிக்கொண்டார்கள். அது என் நினைவில் இருந்தது.

முந்தாநாள் கௌஸ் முகம்மது என்னைப் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். “ஒரு வார்த்தை பாய். தனியா போறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உனக்குன்னு ஸ்பெஷலா பர்மிஷன் வாங்கியிருப்பேனே. அந்தப் பையன் இன்னிக்குக் கேம்ப்ல சோறு தின்னுட்டு இருப்பானே,” என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கேட்பது என் சுபாவம் இல்லை என்று சொன்னேன். நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை.

பொன்னுச்சாமி சாக வேண்டும் என்று, தெரிந்தே, தண்ணீர் இல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். ஆபீசருக்கு வேண்டிய வரி இதுதானே. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று இருக்கிறது பாய். இங்கே என் அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பலூச்சி, இரண்டு பேர் மலையாளிகள். நல்லவர்கள். நான் சும்மா இருந்தால், தூக்கமா என்று தட்டிக் கேட்கிறார்கள். வந்த அன்றே ஆபீசர் உங்கள் மூலமாக என்னைக் கேட்டார், ஏதாவது வேண்டுமா என்று. பழக்கதோஷத்தில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீலா கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். கௌஸ் முகம்மது கேட்டபோதாவது சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். இதை மட்டும் ஒரு வார்த்தை மாறாமல் அவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு தனி அறை வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தால் நல்லது.