கதவோரப் பாய்

அக்கா: நாலு பேர்தாம்மா. போன தடவை ஆள் கணக்கு எழுத வந்தவர்கிட்டயும் நாலுதான் சொன்னேன். நாலுன்னா நாலு.

வந்தவள்: வாசல்ல செருப்பு ஆறு ஜோடி கிடக்குங்க.

அக்கா: ஆளுக்கு ஒண்ணரை ஜோடி வச்சிருக்கோம்.

வந்தவள்: அந்த டப்பால பல் தேய்க்கிற பிரஷ் பத்து நிக்குது.

அக்கா: சுத்தமான குடும்பம்... ஸ்ஸ்.

வந்தவள்: என்னாச்சுக்கா?

அக்கா: ஒண்ணுமில்ல, கொசு. கணுக்கால்ல கடிச்சிடுச்சு. பகல்லயே என்னமா கடிக்குது... ஏம்மா, இது என்ன பை, பச்சைப் பை? இவ்வளவு பெருசா?

வந்தவள்: ஆபீஸ் பேப்பர் எல்லாம் இருக்கு.

அக்கா: பிடி அறுந்து தைச்சிருக்க போல. பச்சைக்குச் சிவப்பு நூலா?

வந்தவள்: அதுதான் கிடைச்சது. அக்கா, கொஞ்சம் உள்ள வந்து உக்காந்து எழுதட்டுமா? காலைலேர்ந்து இந்தச் சந்து முழுக்க நின்னுக்கிட்டே எழுதிட்டு வர்றேன்.

அக்கா: வா, வா. தோள்ல எதுக்கு அந்தச் சுமை, கீழ வை... ஏய் பாத்து, பாத்து. கதவை மிதிச்சிடாத.

வந்தவள்: கதவு திறந்துதானே இருக்கு?

அக்கா: மேல பாக்காத, கீழ பாரு. கதவு தூங்குது.

வந்தவள்: ஐயோ, ஆள்.

கதவு: மிதிக்கல, மிதிக்கல. அப்படியே தாண்டிப் போங்க. எனக்குப் பழக்கம்தான்.

வந்தவள்: இவங்க யாருக்கா?

அக்கா: விருந்தாளி. ஊர்லேர்ந்து வந்திருக்கா.

வந்தவள்: ஜன்னலுக்குக் கீழ தூங்கறவங்க?

அக்கா: அவளும் விருந்தாளி.

வந்தவள்: சுவரோரம் ஒருத்தர், ஃபேனுக்கு அடியில ஒருத்தர், அலமாரி பக்கத்துல ஒருத்தர்...

அக்கா: எல்லாரும் ஒரே வண்டில வந்தாங்க.

வந்தவள்: வந்த விருந்தாளிங்க வேலைக்குப் போற சட்டையையும் கொண்டுவந்து ஆணில மாட்டியிருக்காங்களே.

கதவு: அக்கா, விட்டுடு. அஞ்சு பேர் குறட்டை விடற வீட்ல நின்னுக்கிட்டு நாலு நாலுங்கிற. கேக்கிற எனக்கே கூச்சமா இருக்கு.

அக்கா: நீ தூங்குடி... இந்தாம்மா, தண்ணி குடி. உன்கிட்ட உள்ளதைச் சொல்றேன். வீட்டுக்காரர் நாலு தலைன்னு சொல்லித்தான் வீட்டை வாடகைக்கு விட்டார். அஞ்சாவது தலையைப் பாத்தா பாத்திரம் பண்டத்தைத் தெருவுல வச்சிடுவேன்னு சொல்லியிருக்கார். இதுங்களுக்கெல்லாம் இந்த ஊர்ல வேற போக்கிடம் கிடையாது. உன் பேப்பர் அவர் கண்ணுல பட்டா என் கதி?

வந்தவள்: இது அவர்கிட்ட போற பேப்பர் இல்லக்கா. தண்ணி ஆபீஸுக்குப் போகுது. யார் வீட்ல யாருன்னு பேர்கூட எழுதறதில்ல. வீட்டு நம்பர், எத்தனை ஆள், என்ன வேலை. அவ்வளவுதான்.

அக்கா: அது எதுக்கு தண்ணி ஆபீஸுக்கு?

வந்தவள்: ஒரு சந்துல நூறு ஆள் இருந்தா ரெண்டாவது குழாய் போடணும். நூறுக்குக் கீழ இருந்தா ஒண்ணுதான்.

அக்கா: நூறு என்ன, அதுக்கு மேலேயே இருப்போமே. அப்புறம் ஏன் போடல?

வந்தவள்: போன கணக்குல இந்தச் சந்துல மொத்தம் நாப்பத்தொரு பேர்.

அக்கா: நாப்பத்தொண்ணா? காலைல வரிசைல எனக்கு முன்னாடி நிக்கிற குடமே அறுபது இருக்கும்மா.

வந்தவள்: குடத்தை எழுத மாட்டாங்கக்கா.

அக்கா: எதிர்வீட்டு டெய்லர் எவ்வளவு சொல்லியிருந்தார்?

வந்தவள்: ரெண்டு.

அக்கா: அடப்பாவி மனுஷா. அங்க ஒன்பது பேரு. மாடிப்படிக்குக் கீழகூட ஒருத்தன் மடங்கிப் படுத்திருக்கான்.

வந்தவள்: அந்தப் படிக்குக் கீழ இருக்கிறவரையும் சேத்து இன்னைக்கு ஒன்பதுன்னு வாங்கிட்டேன். அதுக்கே அரை மணி நேரம். இங்க ஆணில மாட்டின சட்டையைப் பாத்த மாதிரி அங்க தலகாணியை எண்ணினேன்.

அக்கா: அப்போ... அவர் அவர் வீட்டுக்காரருக்குப் பயந்து ஒளிச்சார், நான் என் வீட்டுக்காரருக்குப் பயந்து ஒளிச்சேன். இத்தனை வருஷமா ஆளை ஒளிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு குழாயைத்தான் ஒளிச்சு வச்சிருக்கோமா?

கதவு: தினம் பதினோரு மணிக்கு என்னைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பி, போ, குடத்தைத் தூக்கிட்டுப் போய் வரிசைல நில்லுன்னு விரட்டினியே. அதுக்கெல்லாம் காரணம் நீதானா?

அக்கா: உனக்குத் தூக்கமே வராதா?

கதவு: வரும். கனவுலகூடக் குடம்தான் வருது.

வந்தவள்: இப்போ ஒழுங்கா சொல்லுங்கக்கா. இந்தத் தடவை பகல்ல தூங்கறவங்களையும் சேத்துக்கலாம்னு மாத்தியிருக்காங்க. சந்துல இதுதான் கடைசி வீடு. இதுவரைக்கும் எண்பத்தொன்பது வந்திருக்கு.

அக்கா: எண்பத்தொன்பதா. அப்போ என் வீட்ல பதினொண்ணு வேணும்... எழுது, எழுது. பேனா எங்க?

வந்தவள்: இதோ.

அக்கா: இது பேனா இல்லம்மா. பல் தேய்க்கிற பிரஷ்.

வந்தவள்: ஐயோ... கைல இதுதான் மாட்டுச்சு. அவசரத்துக்கு இருக்கட்டும்னு...

அக்கா: பல் தேய்க்க என்னம்மா அவசரம்? அதென்ன, சோப்பு டப்பாவா? துண்டு வேற.

வந்தவள்: தூரத்துலேர்ந்து வர்றேன்ல. அதான்.

அக்கா: எங்க தங்கியிருக்க?

வந்தவள்: அத்தை வீட்ல.

அக்கா: எந்தப் பக்கம்?

வந்தவள்: அந்தப் பக்கம்... நீங்க சொல்லுங்கக்கா, யார் யாரு?

அக்கா: சொல்றேன். இங்க பாய் அஞ்சு. ஜன்னல், ஃபேன், சுவர், அலமாரி, கதவு. எந்த இடத்துல பாயோ அதுதான் பேர். அம்மா அப்பா வச்ச பேரைக் கேக்க இங்க யாருக்கு நேரம் இருக்கு? ஒருத்தி வேலைக்குக் கிளம்பும்போது இன்னொருத்தி வருவா. பகல்ல தூங்கறவ பகல் ஜன்னல், ராத்திரி தூங்கறவ ராத்திரி ஜன்னல். பாய் ஆறவே ஆறாது.

வந்தவள்: ரெண்டு பேருக்கும் சண்டை வராதா?

அக்கா: பாத்துக்கிட்டாதானே சண்டை போட. பகல் ஜன்னலும் ராத்திரி ஜன்னலும் ரெண்டு வருஷமா ஒரே தலகாணி. தெருவுல எதிர்ல வந்தா அடையாளம் தெரியாது. ஆனா இவளுக்குக் காய்ச்சல் வந்தா அவ மாத்திரை வாங்கித் தலகாணிக்கு அடியில வச்சுட்டுப் போவா.

வந்தவள்: ராத்திரி ஜன்னல் என்ன வேலை?

அக்கா: துணிக் கம்பெனி. காலர் மட்டும் தைப்பா. முழுச் சட்டை எப்படி இருக்கும்னு கேட்டா தெரியாதும்பா. பகல் ஜன்னல் ஆஸ்பத்திரில ஆயா. ராத்திரி ஃபேன் கடைல பில் போடறா. பகல் ஃபேன் போன்ல பேசற வேலை. தூக்கத்துலகூட, சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன உதவி வேணும்னு கேப்பா. ஒரு நாள் நான் பதிலுக்கு, ரெண்டு குடம் தண்ணி வேணும்னேன். லைன்லயே இருங்கன்னுட்டா.

வந்தவள்: நாலு ஆச்சு. அப்புறம்?

அக்கா: ராத்திரி சுவர், பகல் சுவர். அது அக்கா தங்கச்சி. ரெண்டு பேரும் ஒரே காய்கறிக் கிடங்குல மூட்டை பிரிக்கிறாங்க, ஷிஃப்ட்டு மட்டும் வேற. ராத்திரி அலமாரி மூணு வீட்ல சமைக்கிறா. பகல் அலமாரி அச்சாபீஸ்ல பேப்பர் மடிக்கிறா. எட்டு. நான் அடுப்பு மேடைக்குக் கீழ படுப்பேன். என்னைச் சேத்து ஒன்பது.

வந்தவள்: இவங்க? பகல் கதவு?

அக்கா: அவ ரயிலடியில ராத்திரி பெருக்கறா. பெண்கள் தங்கற அறை அவ பொறுப்பு... ஏம்மா, எழுதாம நிறுத்திட்ட?

வந்தவள்: எழுதறேன். ரயிலடின்னா... எந்த... சரி. எழுதறேன்.

கதவு: ஒரு வாரமா அங்க எனக்குத் திட்டு. மூணாவது பெஞ்சுக்கு அடியில ஏன் பெருக்கலன்னு சூப்பர்வைசர் தினமும் உயிரை எடுக்கறார்.

வந்தவள்: ஏன் பெருக்கல?

கதவு: காரணம் இருக்கு.

அக்கா: அவளை விடு. எத்தனை ஆச்சு?

வந்தவள்: பத்து. எண்பத்தொன்பதும் பத்தும்... தொண்ணூத்தொன்பது.

அக்கா: இன்னொரு தடவை கூட்டிப் பாரு.

வந்தவள்: ரெண்டு தடவை கூட்டிட்டேன்க்கா. ராத்திரி கதவு யாரு? அவங்களை நீங்க சொல்லவே இல்லையே.

அக்கா: அவளுக்கு ரூமோட வேலை கிடைச்சிடுச்சு. போன வாரம்தான் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா. இப்போ ராத்திரி அந்தப் பாய் சும்மா சுருண்டு நிக்குது.

வந்தவள்: ஒண்ணு குறையுது.

அக்கா: பூனை ஒண்ணு வரும்.

வந்தவள்: அக்கா...

அக்கா: சாதாரணமா நினைக்காத. தினமும் இங்கதான் தூங்குது. பால் வேற குடிக்குது.

வந்தவள்: பூனைக்குக் கட்டம் இல்ல.

அக்கா: பகல் ஜன்னலோட தம்பி பொண்டாட்டிக்கு அடுத்த மாசம் பிரசவம். குழந்தையை இங்க தூக்கிட்டு வந்து காட்டுவாங்க.

வந்தவள்: பிறக்கட்டும்க்கா.

கதவு: அக்காவையே ரெண்டா எழுதிக்கங்க. அவ போடற சத்தத்துக்கு நாலாவே எழுதலாம்.

வந்தவள்: நீங்க சிரிச்சாலும் எழுத முடியாது. இங்க படுத்துத் தூங்கற ஆளா இருக்கணும். இல்லாத ஆளை எழுத மாட்டேன். இது என் முதல் வேலை. ஒரு வீட்ல பொய் எழுதினா அப்புறம் எந்த வீட்ல உண்மையைக் கேப்பேன்?

அக்கா: கோவப்படாத. நீ சொல்றது சரிதான்... பேப்பரை எப்போ குடுக்கணும்?

வந்தவள்: நாளைக்குப் பத்து மணிக்குள்ள.

அக்கா: அப்போ நேரம் இருக்கு. ராத்திரி கதவுன்னு ஒரு வரி விட்டு வை. காலைல நிரப்பிக்கலாம்.

வந்தவள்: அதுக்குள்ள ஆள் எங்கேர்ந்து வரும்?

அக்கா: வந்தாச்சு. அரை மணி நேரம் ஆகுது. வரும்போதே கதவை மிதிக்கப் பாத்தா... என்ன முழிக்கிற?

வந்தவள்: எனக்கு... அத்தை வீடு இருக்குக்கா.

அக்கா: இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். துண்டையும் சோப்பையும் வச்சுக்க அந்த வீட்ல ஒரு ஆணிகூட இல்லையா?

வந்தவள்: குழாய்க்காக என்னைத் தங்கச் சொல்றீங்களா?

அக்கா: குழாய்க்காகவும்தான். ஏன் மறைக்கணும்? ஆனா குழாய் வராட்டியும் பாய் சும்மாதானே நிக்குது. படுத்துப் பாரு. பிடிச்சிருந்தா இரு. ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். கதவோரம் காத்து வரும். மழை பெஞ்சா தண்ணியும் வரும்.

வந்தவள்: எழுத வந்தவளே தன்னை எழுதிக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?

அக்கா: ராத்திரி தூங்கு. காலைல எழுந்திரு. நீ இங்க தூங்கினது உனக்கே தெரியும். அப்புறம் எழுது. அதுல எங்க பொய் இருக்கு?

வந்தவள்: இல்ல... பொய் இல்ல.

அக்கா: பதினொண்ணாவது பிரஷ்ஷை எடுத்து டப்பால வை. எங்க கணக்கு அதுதான்.

வந்தவள்: அக்கா, ஒண்ணு கேக்கறேன். இந்த பிரஷ்ஷைப் பாத்துத்தானே கண்டுபிடிச்சீங்க?

அக்கா: அதுக்கு முன்னாடியே தெரியும். நீ வாசல்ல நின்னு செருப்பையும் பிரஷ்ஷையும் எண்ணும்போதே என் கணுக்கால்ல நல்லா ஒரு கிள்ளு விழுந்துடுச்சு.

வந்தவள்: கொசுன்னு சொன்னீங்க?

அக்கா: அந்தக் கொசு உன் காலடியிலதான் போர்வைக்குள்ள படுத்திருக்கு. அதையே கேளு.

வந்தவள்: நீங்களா? என்னை உங்களுக்கு எப்படி...

கதவு: பச்சைப் பை, சிவப்பு நூல். என் போர்வைல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியாப் பாத்தேன். எட்டு நாளா அந்தப் பையைத் தலைக்கு வச்சுக்கிட்டு மூணாவது பெஞ்சுல படுத்திருக்க. துடைப்பம் பட்டா முழிச்சிடுவியோன்னு உன்னைச் சுத்தித்தான் பெருக்கிட்டு வர்றேன். அக்காகிட்ட உன்னைப் பத்தி ஏற்கனவே சொல்லியிருக்கேன், அதான் பையைப் பாத்ததும் கிள்ளினேன். இன்னைக்கு அடியிலயும் பெருக்கிடறேன், சூப்பர்வைசரும் நிம்மதியா இருக்கட்டும்... சரி, பையைக் கீழ வை. நான் சாயங்காலம் ஏழு மணிக்கு எழுந்துக்குவேன். பாய் சூடாவே இருக்கும்.