ராசாத்திக்குத்தான் மொதல்ல

உத்திரமேரூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் துணிப்பை இருந்தது. நாளைக்குக் காஞ்சிபுரத்தில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பேச்சில் தெரிந்தது. கூட வந்தவள் நாத்தனார். அவளைச் சேர்த்துவிட்டு வந்து வீட்டைப் பார்த்துக்கொள்வாளாம்.

“ராசாத்தி கோவிச்சிக்கினா நீதான் மன்னிப்பு கேக்கணும்” என்றாள் மூத்தவள்.

“கிளிகிட்டயா அண்ணி?”

“ஆமா. மொதல்ல அதுக்கு மொளகா வெச்சிட்டுத்தான் மணிக்குக் கொய்யா வெக்கணும். மாத்தி வெச்சா கிண்ணத்தக் கவுத்துடும்.”

“ரெண்டும் ஒரே பொந்துல கெடச்சதுதான?”

“தென்ன மரம் சாஞ்சப்ப ஒண்ணா எடுத்தோம். கொணம் வேற வேற. மணி பயந்தாங்கொள்ளி. மிக்சி போடறதுக்கு முன்னாடி ‘போடறேன்டா’ன்னு ஒரு வார்த்த சொல்லிடு.”

நாத்தனார் சிரித்தாள். “எங்க அண்ணனுக்கு இன்னா செய்யணும்?”

“அவருக்கு இன்னா? போட்டதத் துண்ணுட்டுக் கெடப்பாரு.”

திருமுக்கூடல் பாலம் வந்தது. மூத்தவள் ஆற்றையே பார்த்தாள். பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“பயமா இருக்குதா அண்ணி?”

“கீது. மயக்க ஊசி போட்டா திரும்ப எயுந்திருப்பேனான்னு கீது.”

“அதெல்லாம் எயுந்துப்ப.”

“எயுந்துதான் ஆவணும். சனிக்கெயம வந்துடுவேன்னு ராசாத்திகிட்ட சொல்லிட்டேன். போன தபா ஒரு நாள் லேட்டா வந்ததுக்கே, பத்து நாள் எனக்கு முதுகக் காட்டிக்கினு குந்திச்சி.”