மரம் சேர்க்காத ஓவியர்

அவைத் தலைவர் அவர்களே, பாதிரியார் மக்கிண்டோ அவர்களே, கணவரை இழந்த துயரத்திலும் எல்லோருக்கும் தேநீர் வந்ததா என்று இப்போதுதான் விசாரித்த இசபெல் அம்மையார் அவர்களே, இந்த மழையிலும் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கும், ஸ்காட்லாந்திலிருந்து கடல் கடந்து குடியேறிய ஒட்டாகோ மக்களே, வணக்கம்.

நம் ஓவியர் நினியன் ராட்ரே மறைந்துவிட்டார். இரண்டு குளிர்காலம் நெஞ்சு நோயோடு போராடியவர், போன செவ்வாய்க்கிழமை தூக்கத்திலேயே கண்மூடினார். இருமல் ஓய்ந்த அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகைக்கு முன்னால் பெருமூச்சுதான் வந்தது. அப்பாடா, இனி அவருக்கு வலி இல்லை! இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று பாதிரியார் பார்க்கிறார். பேசலாம், ஐயா. அந்த மனிதரைப் பற்றிப் பொய் பேசினால்தான் தப்பு.

ஸ்காட்லாந்திலிருந்து இங்கே வந்த ஓவியர்கள் குறைவா? அவர்கள் என்ன செய்தார்கள்? நம்முடைய மஞ்சள் புல் மலைக்குப் பழைய ஊரின் பச்சையைப் பூசினார்கள். ஓடையோரம் இல்லாத மரங்களை வளர்த்தார்கள். ஊருக்கு அனுப்பத்தானே படம் என்று நாமும் வாங்கினோம். ராட்ரே பூசினாரா? செத்தாலும் மாட்டேன் என்றார்! அதனால் அவர் வீட்டு அடுப்பில் பாதி நாள் ஓட்ஸ் கஞ்சிதான்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் காலின் அவரிடம் போய் நின்றார். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த எனக்கும் காலினுக்கும் கடிதத்திலேயே கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மணப்பெண்ணுக்குத் தன் பண்ணையின் படத்தை அனுப்ப அவருக்கு ஆசை. படமும் முடிந்தது. என்ன படம்? ஒரு மொட்டை மலை, ஒரு கல் குடிசை, சாய்ந்த தகரப் புகைபோக்கி!

"ஐயா, நாலு மரம் போட்டா உங்க தூரிகை தேஞ்சா போயிடும்?"

"நட்டுட்டு வாப்பா. வளர்ந்ததும் வந்து வரையறேன்."

"அந்தப் புகைபோக்கியையாவது நிமித்துங்களேன். பொண்ணு பயந்துக்குவா."

"அதை நிமித்த வேண்டியது நானா, நீயா?"

மறுநாள் தபால் கப்பல் புறப்பட இருந்தது. வேறு வழியில்லாமல் காலின் அதையே அனுப்பிவைத்தார்.

டண்டீயில் படத்தைப் பிரித்த என் தாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "சிங்காரிச்சு அனுப்புன படமே இந்த லட்சணம்னா, நேர்ல எப்படிடி இருக்கும்? போகாதே, எல்ஸ்பெத்!"

"சிங்காரிக்காம அனுப்பியிருந்தா?"

"அப்படி எந்த மாப்பிள்ளைடி அனுப்புவான்?"

நான் கப்பலேறினேன். ஆனால் கடல் நெடுக அம்மாவின் கேள்வி என்னை அரித்தது. படம் பொய்யென்றால் நான் எங்கே போவேன்? திரும்பிப் போகக் கையில் என்ன இருந்தது?

துறைமுகத்திலிருந்து வந்த வண்டி மலையைச் சுற்றித் திரும்பியது. அதே மஞ்சள்! அதே கல் சுவர்! புகைபோக்கிகூட அதே சாய்வில்! "நாளைக்கு நிமித்திடறேன்" என்று காலின் தலையைச் சொறிந்தார். நான் வண்டியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஊருக்குத் திரும்பிப் போகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, பாவம், அவர் நடுங்கிப்போனார். நிம்மதியில் அழுதேன், மக்களே! தெரியாத தேசத்துக்கு வரும் பெண்ணுக்கு மலை அழகாக இருந்து என்ன ஆகப்போகிறது? சொன்னபடி இருந்தால் போதும். காலின் பொய் சொல்ல ஆசைப்பட்டார்தான், ராட்ரே விடவில்லை. அந்தக் குடிசையில் நாங்கள் நன்றாகவே வாழ்ந்தோம்.

முந்தாநாள், அங்கிருந்து இங்கே ஆள் சேர்த்து அனுப்பும் குடியேற்ற முகவர் ஒருவர் இசபெல் அம்மையாரிடம் வந்தார். ராட்ரேயின் படங்களை ஸ்காட்லாந்துத் துறைமுகங்களில் மாட்டப்போகிறாராம். "புல்லை மட்டும் கொஞ்சம் பச்சையாக்கிக்கிறோம்மா" என்றார். "வந்த வழியிலயே போங்க, சாமி" என்று அம்மையார் கதவைத் திறந்துவிட்டார்.

அம்மையாரே, அந்தக் கதவை இனி நாங்கள் காப்போம். குடியேறியோர் சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன்: உங்கள் கணவரின் படங்கள்மேல் வேறு எவர் கையும் ஒரு சொட்டு வண்ணம் வைக்க விடமாட்டோம். அவை அப்படியே அந்தத் துறைமுகங்களுக்குப் போகும். எங்கள் செலவில் போகும். அங்கே எவளோ ஒருத்தி ஒரு படத்தின் முன்னால் நின்று, போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பாள்.

மகளே, நம்பிக் கப்பலேறு. நாங்கள் கரையில் நிற்போம்.