தெற்கு மேட்டுக்கு மஞ்சள் நிறம்

(டீயோடு வருகிறாள். அதுவும் இரண்டு கோப்பை. கேட்கப் போவது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி முகத்தைக் காட்டிவிடக் கூடாது.)

– நாத்தனார் கையால டீயா! இன்னிக்கு மழைதான்.

– போங்க அண்ணி. வீட்ல தினமும் நீங்க போட்டுத் தர்றீங்க. ஆபீஸ்லயாவது நான் தர்றேனே.

– வரைபடத்து மேல வைக்காதே. கோப்பை வட்டம் விழுந்தா அதையும் ஏரின்னு வரைஞ்சிடுவே.

– அது சரி... நான் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரையறவ. நீங்க நேர்ல நடந்து பார்த்துத் திருத்தறவங்க. அந்தத் திமிரு!

– சரி, எதுக்கு வந்தே?

– சும்மாத்தான்... இந்தத் தெற்கு மேடு... சிதைந்த காடுன்னு நான் பழுப்பு பூசி அனுப்பினேன். உங்ககிட்டேருந்து திரும்பி வந்தா மஞ்சளா இருக்கு.

– இயற்கைப் புல்வெளிக்கு மஞ்சள்தானே.

– உங்களுக்கு மஞ்சள் பிடிக்கும்ங்கறதுக்காக ஒரு மேட்டையே...

– பிடிச்சா சேலையோட நிறுத்திக்குவேன். அங்க காடே இருந்ததில்லைம்மா.

– பள்ளத்துல எல்லாம் மரம் நிக்குதே? மேலயும் இருந்திருக்கும். வெட்டிட்டாங்க.

– வெட்டினா அடிக்கட்டை எங்கே? தோண்டியும் பார்த்தேன். முழங்கால் ஆழத்துக்குப் புல்லோட வேர்தான். நீ பார்த்தது கோடையில எடுத்த படம். புல் காய்ஞ்சு மொட்டையாத் தெரிஞ்சிருக்கு. மொட்டையா இருக்கறதெல்லாம் சிதைந்த காடு ஆயிடுமா?

– அப்போ எதுதான் சிதைந்த காடு? ஒரு உதாரணம் சொல்லுங்க பார்ப்போம்.

– உங்கண்ணன் தலை.

– அண்ணி!

– முன்னாடி அடர்த்தியா இருந்ததுக்குக் கல்யாண போட்டோ சாட்சி. ஓரத்துல இன்னும் கொஞ்சம் மிச்சம் நிக்குது. அங்க நீ தாராளமாப் பழுப்பு பூசலாம்.

– இருங்க, அண்ணன்கிட்ட சொல்றேன்.

– சொல்லு. மரம் நடறதுன்னா அங்க போய் நடு.

– அதைப் பத்தித்தான்... மேட்டுல மரம் நடற திட்டம் என் பொறுப்புல வருது, தெரியுமில்லே? சிதைந்த காடுன்னு இருந்தாத்தான் நட விடுவாங்க. புல்வெளின்னா திட்டமே கிடையாது.

– மர நிழல் விழுந்தா அந்தப் புல் செத்துப்போகும். அதுல மேயற மான், தரையில கூடு கட்டற குருவி... அதெல்லாம் எங்க போகும்?

– மரம் நட வேண்டாம்னு சொல்ற ஒரே தாவரவியல்காரி நீங்கதான்.

– குடியிருக்கற வீட்டை இடிச்சுட்டு மாளிகை கட்டித் தர்றேன்னா யாரு கேட்பா?

– அண்ணி... திட்டம் இல்லேன்னா என்னைக் கடலோரக் கிளைக்கு மாத்திடுவாங்க. ரயில்ல ரெண்டு நாள்.

– நல்லதுதானே. அலையாத்திக் காடு வரையலாம். சேத்துல இறங்கித்தான் ஆகணும். அப்பவாவது நடப்பே.

– விளையாடாதீங்க. நான் போயிட்டா வீட்ல யார்கிட்ட பேசுவீங்க? அண்ணன் வாயைத் திறக்கறதே கொட்டாவி விடத்தான்.

– அது என்னவோ உண்மை.

– சினிமாவுக்கு யாரோட போவீங்க? சமையலறையில யாரோட சண்டை போடுவீங்க?

– குக்கரோட போட்டுக்கறேன். அதுவும் உன்னை மாதிரிதான், சும்மா இருக்காது.

– பாருங்க, குரல் மாறுது.

– டீ சூடு.

– ஆறிப்போச்சு அண்ணி, அந்த டீ. ஒரே ஒரு நிறம். யாரு அங்க ஏறிப் பார்க்கப் போறாங்க? உங்க கையெழுத்து இருந்தா ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டாங்க.

– அதனாலதான் யோசிச்சுப் போட வேண்டியிருக்கு.

– எனக்காக அண்ணி. இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் எதாவது கேட்டிருக்கேனா?

– நீ சொல்றதுக்கு முன்னாடியே மாற்றல் விஷயம் எனக்குத் தெரியும். உங்கண்ணன் போன வாரமே சொல்லிட்டாரு.

– தெரியுமா? தெரிஞ்சுமா மஞ்சள் பூசினீங்க?

– மறுநாளே தனியா அங்க திரும்பிப் போனேன். ஒரு அடிக்கட்டையாவது கிடைக்காதா, உன்னை இங்கயே வெச்சுக்க முடியாதான்னு பொழுது சாயற வரைக்கும் தேடினேன்... இல்லைம்மா.